கலவை விழுவதற்கு முன்: வீடு கட்டியபோது எதற்குக் கூடுதலாகச் செலவழித்தோம்

கடகால் தோண்டி முடித்த வாரத்தில் ஒப்பந்தக்காரர் ஒரு தாளைக் கொண்டுவந்து கொடுத்தார். சதுர அடிக்கு இவ்வளவு என்று பேசிய தொகைக்குள் வராத, வேண்டுமென்றால் தனியாகப் பணம் கொடுத்துச் செய்துகொள்ளலாம் என்கிற வேலைகளின் பட்டியல். மொத்தம் 23 வரிகள். ஹாலுக்கு ஃபால்ஸ் சீலிங், எல்லா அறைக்கும் தேக்குக் கதவு, 4-க்கு 2 அடி டைல்ஸ், மாடிப்படிக்குக் கண்ணாடித் தடுப்பு, முகப்புக்கு எலிவேஷன் வேலை, கரையான் மருந்து, மொட்டை மாடிக்கு கூலிங் டைல்ஸ், சோலாருக்கு பைப் என்று எல்லாம் ஒன்றன்கீழ் ஒன்றாக இருந்தன. கூட்டிப் பார்த்தால் 14 லட்சத்தைத் தாண்டியது. எங்கள் கையில் அதற்கென்று இருந்தது 5 லட்சம்.

இது 2022 தை மாதத்தில். திருச்சியில், திருவெறும்பூர் பக்கம் மனை. கீழே 1,350 சதுர அடி, மேலே குளியலறையோடு ஓர் அறை. நான் பள்ளி ஆசிரியை. இவர் தனியார் நிறுவனத்தில் வேலை. பையன் பதினொன்றாம் வகுப்பு, பெண் ஏழாவது. கூடவே என் மாமியார், அப்போது 71 வயது.

நானும் இவரும் அந்தத் தாளை வைத்துக்கொண்டு நான்கு நாள் பேசினோம். எனக்குச் சமையலறை முக்கியம், இவருக்கு முகப்பு முக்கியம், பையனுக்கு அவன் அறையில் ஏசி முக்கியம். ஒன்றும் முடிவாகவில்லை. ஐந்தாம் நாள் அத்தை கேட்டார்: "ஏம்மா, இதுல எதையெல்லாம் அப்புறமா செஞ்சுக்க முடியாதோ, அதுக்கு மட்டும் கோடு போடேன்."

அத்தை முப்பது வருடம் வாழ்ந்த பழைய வீட்டில் குழாய்க்காகவும் ஒயருக்காகவும் சுவரை உடைத்து உடைத்துப் பூசியிருந்தார்கள். பூசிய இடமெல்லாம் வேறு வேறு நிறத்தில் தெரியும். அவருக்கு அந்த அனுபவம் இருந்தது. கோடு போட்டுப் பார்த்தேன். 23 வரிகளில் 9 வரிகள்தான் கட்டி முடித்த பிறகு செய்யவே முடியாதவை, அல்லது உடைத்துத்தான் செய்ய முடியும் என்கிறவை. அந்த ஒன்பதுக்கும் சேர்த்து 3 லட்சத்து 60 ஆயிரம் ஆனது. பட்டியலில் பார்க்க அழகாக இருந்தது எதுவும் அந்த ஒன்பதில் இல்லை.

முதல் செலவு அஸ்திவாரம். மேலே முழுத்தளம் எழுப்புவோமா என்று அன்றைக்குச் சொல்லத் தெரியவில்லை. பிள்ளைகள் எங்கே வேலைக்குப் போவார்கள் என்று யாருக்குத் தெரியும்? ஆனால் அஸ்திவாரத்தைப் பிறகு பெரிதாக்குவது நடக்கிற காரியமில்லை. மண் பரிசோதனை செய்து, மாடிக்கும் தாங்குகிற மாதிரி ஃபுட்டிங்கும் (தூணுக்கு அடியில் வரும் பாதம்) கான்கிரீட் தூண்களும் போட்டோம். ஏறத்தாழ 90 ஆயிரம் கூடுதல். மொட்டை மாடியில் தூண் கம்பிகளை நீட்டி விட்டிருந்தால் அப்படியே மழையில் விட்டுவிடாதீர்கள். துருப்பிடித்தால் அந்தக் கம்பியை நம்பி மேலே கட்ட முடியாது. எங்கள் கொத்தனார் சிமெண்ட் பால் அடித்து, சுற்றி மெல்லிய கலவை வைத்து மூடிக் கொடுத்தார்.

அடுத்தது கரையான் மருந்து. பேஸ்மட்டத்துக்குள் மண் நிரப்பித் தண்ணீர் விட்டு இறுக்கிய பிறகு, தரைக்கு கான்கிரீட் போடுவதற்கு முன்னால் அடிக்க வேண்டியது. எங்களுக்கு 11 ஆயிரம் ரூபாய் ஆனது. வீடு கட்டியபின் செய்ய வேண்டுமானால் சுவரோரமாகத் தரையில் வரிசையாகத் துளை போட்டு மருந்தை இறக்குவார்கள். புது டைல்ஸில் துளை போட யாருக்கு மனசு வரும்? நிலைக்கதவையும் அலமாரியையும் கரையான் தின்றதைப் பார்த்தவர்கள் இந்த 11 ஆயிரத்தைப் பற்றி யோசிக்கவே மாட்டார்கள். பட்டியலில் இருந்த சிறிய தொகைகளில் இதுவும் ஒன்று. மருந்து அடிக்கிற அன்றைக்குப் பக்கத்தில் நின்று பாருங்கள். மண்ணில் புதைந்துவிடுகிற வேலை என்பதால் பிறகு யாரும் சரிபார்க்க முடியாது.

இனி மேல்தளம் போட்ட கதை. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் வீடு கட்டுகிற பலரும் இந்த ஒரு நாளைக் கவனிக்காமல் விட்டுவிடுகிறார்கள்.

சித்திரை மாதம். மறுநாள் காலை ஆறு மணிக்குக் கலவை மெஷின் வருகிறது. கான்கிரீட்டைத் தாங்குகிற சென்ட்ரிங் பலகை அடித்து, கம்பி கட்டி முடித்தாயிற்று. கம்பிகளுக்கு நடுவே எலக்ட்ரீஷியன் தம்பி பைப் ஓட்டிக்கொண்டிருந்தார். ஃபேன் மாட்டுகிற பெட்டியை ஒவ்வொரு அறைக்கும் நட்டநடுவில் வைத்துக் கட்டியிருந்தார். பலகைமேல் ஏறி நின்று பார்த்தபோதுதான் எனக்கு உறைத்தது: படுக்கையறையில் ஒரு பக்கச் சுவர் முழுக்க அலமாரி வரப்போகிறது. அது 2 அடி ஆழம். அலமாரி வந்துவிட்டால் மிச்சமுள்ள அறையின் நடு ஓர் அடி தள்ளிப் போய்விடும். ஃபேன் கட்டிலுக்கு மேலே இருக்காது, ஓரமாகச் சுற்றும்.

"தம்பி, இந்தப் பெட்டிய ஓர் அடி கிழக்கால தள்ளி வைக்க முடியுமா?"

"இப்பன்னா ரெண்டு நிமிஷம் டீச்சர். நாளைக்கு இந்நேரம்னா முடியாது."

கட்டுக்கம்பியை வெட்டி, பெட்டியை நகர்த்தி, மறுபடி கட்டினார். இரண்டு நிமிடம்தான். அன்று மாலை பொழுது சாயும்வரை அந்தப் பலகையிலேயே இருந்தேன். சாப்பாட்டு மேசை எங்கே வரும், அத்தையின் கட்டில் எந்தப் பக்கம் தலை வைத்து வரும் என்று கையில் பிளானை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகச் சரிபார்த்தோம். மூன்று பெட்டிகள் இடம் மாறின. அதற்குத் தனியாக ஒரு பைசா ஆகவில்லை. கட்டில், அலமாரி, மேசை எங்கே வரும் என்று தளம் போடுவதற்கு முன்பே தாளில் வரைந்து வைத்திருந்தால் போதும்.

அன்றே மொட்டை மாடியிலிருந்து மீட்டர் பெட்டி வரைக்கும் சோலாருக்காக ஒரு காலிப் பைப் இறக்கினோம். ஏசி வரக்கூடிய மூன்று இடத்துக்கும் பைப் விட்டோம். ஏசி வாங்கியது ஒன்றுதான், அதுவும் அடுத்த வருடம். ஏசிக்கு 4 சதுர மில்லிமீட்டர் ஒயர், தனி எம்சிபி (மின்சுமை கூடினால் தானாக அணைகிற சுவிட்ச்) என்று எலக்ட்ரீஷியனிடம் முதலிலேயே சொல்லி வைத்துவிட வேண்டும். இன்வெர்ட்டருக்கும் தனி லைன் இழுத்துவிட்டோம். ஷாக் அடித்தால் நொடியில் மின்சாரத்தைத் துண்டிக்கிற ஆர்சிசிபி, 30 மில்லி ஆம்பியர் அளவில், பிறகுகூட மாட்டலாம். ஆனாலும் பிள்ளைகள் இருக்கிற வீட்டில் அதைத் தள்ளிப்போடக்கூடாது என்று அப்போதே மாட்டினோம்.

அந்தக் காலிப் பைப்பின் பலன் 2024-இல் தெரிந்தது. அந்த வருடம் பிப்ரவரியில் மத்திய அரசு பிரதமர் சூரிய வீடு திட்டத்தைத் தொடங்கியது. 3 கிலோவாட்டுக்கு 78 ஆயிரம் ரூபாய் மானியம். நாங்கள் போட்டோம். சோலார் மாட்ட வந்தவர்கள் பைப்பைப் பார்த்ததும் வேலையை ஒரே நாளில் முடித்துவிட்டார்கள். எங்கள் தெருவிலேயே இன்னொரு வீட்டில் முன்பக்கச் சுவரில் மேலிருந்து கீழ்வரை பைப்பை கிளாம்ப் அடித்துத்தான் இறக்க வேண்டியிருந்தது. ஒரு கிலோவாட்டுக்கு நாளொன்றுக்குச் சராசரியாக 4 யூனிட் என்பது பொதுவான கணக்கு. எங்களுக்கு அதை ஒட்டித்தான் வருகிறது, வாரம் ஒருமுறை பேனலைக் கழுவினால்.

தளம் போட்டபின் மேலே பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்துவார்கள். ஒப்பந்தக்காரர் ஏழு நாள் போதும் என்றார். நான் பதினான்கு நாள் கேட்டேன். சித்திரை வெயிலில் பாத்தி மதியத்துக்குள் காய்ந்துவிடும். காலையும் மாலையும் இவரும் பையனும் போய்த் தண்ணீர் விட்டார்கள். தண்ணீருக்கு ஆகும் செலவைத் தவிர இதில் வேறு செலவே கிடையாது. ஆனால் எத்தனை கட்டடத்தில் இதைச் செய்யாமல் விடுகிறார்கள் என்று பார்க்கும்போது மனசு கஷ்டமாக இருக்கிறது.

திருச்சி வெயிலைப் பற்றி உள்ளூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கான்கிரீட் தளம் பகலெல்லாம் சூட்டை வாங்கி வைத்துக்கொண்டு ராத்திரி முழுக்க அறைக்குள் இறக்கும். ஃபேன் அந்தச் சூட்டுக் காற்றைத்தான் சுற்றிவிடும். அதனால் மேலே செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்த தளம் போட்டு, அதன்மேல் வெள்ளை கூலிங் டைல்ஸ் பதித்தோம். மழைநீர்க் குழாயைப் பார்த்து வாட்டம் சரியாக இருக்க வேண்டும். வேலை முடிந்ததும் ஒரு வாளித் தண்ணீரை ஊற்றி எங்கேயாவது தேங்குகிறதா என்று பார்த்தோம். ஒரு மூலையில் தேங்கியது. அன்றே சரிசெய்தார்கள். மே மாதத்தில் கீழே படுக்கையறையில் இருந்துவிட்டு, டைல்ஸ் போடாத மாடிப்படி அறைக்குள் போனால் வித்தியாசம் உடம்பிலேயே தெரிகிறது. ஆனால் வெள்ளை டைல்ஸில் தூசியும் பாசியும் ஏறினால் பலன் குறைந்துவிடும். வருடத்துக்கு இரண்டு முறை தேய்த்துக் கழுவ வேண்டும்.

மாடிக் குளியலறையில் நடந்ததுதான் எனக்கு இன்றும் நினைத்தால் நெஞ்சு படபடக்கிற விஷயம். குளியலறைத் தளத்தைத் தாழ்வாக இறக்கிப் போட்டு, குழாய் ஓட்டி, நீர்க்கசிவுத் தடுப்புப் பூச்சு அடித்திருந்தார்கள். மறுநாள் டைல்ஸ் ஒட்ட ஆள் வருவதாக ஏற்பாடு. நான் இரண்டு நாள் தண்ணீர் நிறுத்திப் பார்க்க வேண்டும் என்றேன். "பூச்சு நல்லா இருக்கு, தேவையில்ல" என்றார் ஒப்பந்தக்காரர். தேவையில்லாவிட்டாலும் பரவாயில்லை, இரண்டு நாள்தானே என்று சொல்லி, குழாய் வாயைத் துணி வைத்து அடைத்து, நான்கு விரற்கடை உயரத்துக்குத் தண்ணீர் நிறுத்தினோம். நீர் மட்டத்தில் பென்சிலால் ஒரு கோடு.

முதல் நாள் ஒன்றுமில்லை. இரண்டாம் நாள் மாலை பள்ளி விட்டு நேராக அங்கே போனேன். கீழே ஸ்டோர் ரூம் மேற்கூரையில் கழிவுக்குழாய் இறங்குகிற இடத்தைச் சுற்றி உள்ளங்கை அளவுக்கு ஈரம். டார்ச் அடித்துப் பார்த்தால் வட்டமாக மினுமினுத்தது. கொத்தனாரைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் ஏணியில் ஏறி விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு, ஒன்றும் பேசாமல் இறங்கி மாடிக்குப் போனார். குழாயைச் சுற்றிக் கொத்தி எடுத்தார்கள். தளத்தில் துளை போட்டுக் குழாயை இறக்கியபின் அந்த இடைவெளியைச் சாதாரணக் கலவையால் அரைகுறையாக அடைத்திருந்தது தெரிந்தது. சுருங்காத கலவை வைத்து அடைத்து, மறுபடி பூச்சு அடித்து, மறுபடி இரண்டு நாள் தண்ணீர். இந்த முறை காய்ந்தே இருந்தது.

டைல்ஸ் ஒட்டிய பிறகு இது தெரிந்திருந்தால் அந்தக் குளியலறையை முழுக்க உடைத்திருப்போம். தண்ணீர் நிறுத்திப் பார்ப்பதை ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குங்கள். "48 மணி நேரம் தண்ணீர் நிறுத்திச் சோதித்தபின்தான் டைல்ஸ்" என்று ஒரு வரி.

சுவரில் பூச்சு வேலை தொடங்குவதற்கு முன் இன்னொரு காரியம் செய்தேன். ஒவ்வொரு சுவரையும் போட்டோ எடுத்தேன், சுவரோரமாக அளவு டேப்பை நீட்டிப் பிடித்தபடி. தண்ணீர்க் குழாய் தரையிலிருந்து எத்தனை அடியில் போகிறது, ஒயர் பைப் எந்த மூலையிலிருந்து எவ்வளவு தூரம் என்பதெல்லாம் அதில் தெரியும். மொத்தம் 64 படங்கள்.

2023-இல் அத்தைக்கு முழங்கால் மூட்டு மாற்று அறுவை சிகிச்சை நடந்தது. வீட்டுக்கு வந்ததும் கீழே அத்தையின் குளியலறையில் பிடித்துக்கொள்ள கம்பி மாட்ட வேண்டும். குளியலறைச் சுவரில்தான் குழாய்களெல்லாம் ஓடுகின்றன. டிரில் போடுகிறவர் தயங்கினார். போனில் படத்தைப் பெரிதாக்கிக் காட்டினேன். தரையிலிருந்து 2 அடி 4 அங்குலத்தில் வெந்நீர்க் குழாய், அதற்கு மேலே வெறும் செங்கல். பென்சிலால் குறித்துத் துளை போட்டார். அரை மணி நேரத்தில் கம்பி மாட்டியாயிற்று.

அதே குளியலறையின் வாசல் பற்றியும் சொல்ல வேண்டும். சாதாரணமாகக் குளியலறைக்கு இரண்டரை அடிக் கதவு வைப்பார்கள். நிலையின் கனம் போகக் கடக்கிற வழி இரண்டடிக்குச் சற்று மேலே இருந்தால் அதிகம். கீழே அத்தையின் அறையை ஒட்டிய குளியலறைக்கு மட்டும் மூன்றடிக் கதவு கேட்டேன். கூடுதலாக 3 ஆயிரம் ரூபாய்கூட ஆகவில்லை. தரைக்கும் குளியலறைக்கும் நடுவே உயரமான படி வேண்டாம், அரை அங்குலம் போதும், வாட்டத்தை உள்ளே சரியாகக் கொடுங்கள் என்று சொல்லி வைத்தோம். வழுக்காத டைல்ஸ் போட்டோம். அறுவை சிகிச்சை முடிந்து வந்த முதல் நாள் காலை, அத்தை வாக்கரைத் தள்ளிக்கொண்டு அந்த வாசலைக் கடந்து தானாகவே உள்ளே போனார். நான் பின்னாலேயே நின்றுகொண்டிருந்தேன். "நீ போம்மா, நான் பாத்துக்கறேன்" என்று சொல்லிக் கதவைச் சாத்திக்கொண்டார். இந்த வீட்டில் நாங்கள் செலவழித்த பணத்தில் எது சரியான செலவு என்று யாராவது கேட்டால் எனக்கு முதலில் ஞாபகம் வருவது அந்தக் கதவு சாத்திய சத்தம்தான்.

தண்ணீர் விஷயம் சுருக்கமாக. எங்கள் போர் தண்ணீர் உப்பு. மாநகராட்சித் தண்ணீர் நல்லது. இரண்டுக்கும் தனித்தனித் தொட்டி, சமையலறைக்கும் கீசருக்கும் நல்ல தண்ணீர் மட்டும் போகிற மாதிரி தனிக் குழாய். மழைநீர்ச் சேகரிப்பு தமிழ்நாட்டில் 2003-இலிருந்து எல்லாக் கட்டடத்துக்கும் கட்டாயம். கட்டாயம் என்பதற்காக ஒரு குழியை வெட்டி மூடிவிடாமல், ஜல்லியும் மணலும் நிரப்பிப் போர் அருகிலேயே அமைத்தோம்.

இப்போது வேண்டாம் என்று விட்டவை. ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். வட்டி 8.5 சதவீதம், 20 வருடக் கடன் என்று வைத்துக்கொண்டால், ஒவ்வொரு லட்சத்துக்கும் மாதத் தவணை 868 ரூபாய். 240 மாதம் கட்டி முடிக்கும்போது 2 லட்சத்து 8 ஆயிரம் ஆகியிருக்கும். ஃபால்ஸ் சீலிங்குக்கு ஒன்றரை லட்சம் கேட்டார்கள். கடன் தீர்கிறவரை அது நிற்குமா என்பதே சந்தேகம். கண்ணாடித் தடுப்பு, எலிவேஷன் வேலை, பெரிய டைல்ஸ் எல்லாவற்றுக்கும் இதே கேள்வியைக் கேட்டோம். இவருக்கு முகப்பு விஷயத்தில் வருத்தம்தான். அதற்குப் பதிலாகத் தலைவாசலுக்கு மட்டும் நல்ல தேக்கில் நிலையும் கதவும் போட்டோம். நிலை வைத்த அன்று பூசை முடிந்ததும் இவர் அந்த மரத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டே நின்றார். உள் அறைகளுக்குச் சாதாரணக் கதவுதான். சமையலறையில் கடப்பா கல்லில் தட்டுகளை மட்டும் அடித்துவிட்டு, மரவேலையை இரண்டு வருடம் கழித்துக் கையில் சேர்ந்த பணத்தில் செய்தோம். சிங்க் அருகே வரும் பலகைக்கு 710 தர ஒட்டுப்பலகை கேட்டு வாங்குங்கள். தண்ணீர் படுகிற இடத்தில் சாதாரணப் பலகை உப்பிவிடும்.

அத்தை சொன்ன வழி இரண்டு இடத்தில் எனக்குச் சரிவரவில்லை. சுவருக்குள்ளே போவதெல்லாம் இப்போதே செய்ய வேண்டும் என்கிற வேகத்தில் எல்லா அறைக்கும் இன்டர்நெட் கேபிள் இழுத்தேன். 22 ஆயிரம் ரூபாய். இன்றுவரை ஒன்றுகூடப் பயன்படவில்லை, வைஃபையே போதுமாக இருக்கிறது. காலிப் பைப் மட்டும் விட்டிருக்கலாம். பைப் மலிவு, என்றைக்கு வேண்டுமோ அன்றைக்கு எந்த ஒயரையும் அதில் இழுத்துக்கொள்ளலாம்.

இன்னொன்று ஜன்னல். பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்று அதை அலட்சியமாக விட்டேன். ஒப்பந்தத்தில் இருந்தபடி பக்கவாட்டில் தள்ளித் திறக்கிற யூபிவிசி (பிளாஸ்டிக் சட்டம்) ஜன்னல் போட்டார்கள். இரண்டு கண்ணாடியில் ஒன்று எப்போதும் மூடியேதான் இருக்கும். 5 அடி ஜன்னலில் காற்று வருவது இரண்டரை அடிக்குத்தான். பழைய வீட்டு மரஜன்னலில் இரண்டு கதவையும் விரியத் திறந்துவைத்துப் படுத்த பழக்கத்துக்கு இது மூச்சு முட்டியது. ஜன்னல் மாற்றக்கூடியதுதான், ஆனால் கிரில், வலை, ஓரப் பூச்சு, பெயிண்ட் என்று எல்லாவற்றையும் சேர்த்து மாற்ற வேண்டும்.

திண்ணை மட்டும் 23 வரியில் எதிலும் இல்லாதது. தலைவாசலுக்குப் பக்கத்தில் எட்டடி நீளத்துக்கு, ஒன்றரை அடி அகலத்தில், செங்கல் கட்டிச் சிவப்பு ஆக்சைடு பூசிய திண்ணை. அத்தை வாய்விட்டுக் கேட்ட ஒரே விஷயம். கார் நிறுத்துகிற இடம் குறையும் என்று ஒப்பந்தக்காரர் தடுத்தார். நான் கட்டச் சொன்னேன், 16 ஆயிரம் ஆனது. ஆக்சைடு பூசத் தெரிந்த வயதான கொத்தனார் ஒருவர் லால்குடியிலிருந்து வந்து, இரண்டு நாள் முட்டி போட்டு உட்கார்ந்து தேய்த்துத் தேய்த்து மெருகேற்றிக் கொடுத்தார். இப்போது சாயந்திரம் நாலரை மணிக்கு அத்தை அங்கே உட்கார்ந்தால், தெருவில் போகிற ஒருவரும் நின்று பேசாமல் போவதில்லை. பெண் பாடம் படிப்பதும் அங்கேதான். இவர் ஷூ கழற்றுவதும் அங்கேதான்.

போன வாரம் ஜன்னலுக்கு விலை கேட்டேன். அத்தையின் அறைக்கு இரண்டு, எங்கள் அறைக்கு ஒன்று, வெளியே விரியத் திறக்கிற மாதிரி. மூன்றுக்கும் 58 ஆயிரம் சொல்லியிருக்கிறார்கள். அத்தை அறை ஜன்னலை மட்டும் பங்குனிக்குள் மாற்றிவிடலாம் என்று இருக்கிறோம், வெயில் தொடங்குவதற்கு முன்னால்.